கிருமியை வளர்க்கும் முன் யாரைக் கேட்க வேண்டும்?

கத்தி உதாரணம் நமக்கெல்லாம் பழக்கமானது. காய் நறுக்குவதும் அதுதான், கழுத்தை அறுப்பதும் அதுதான். குற்றம் கத்தியில் இல்லை, அதைப் பிடித்திருக்கும் கையில்தான் இருக்கிறது. அறிவியலின் நன்மை தீமை பற்றிப் பேச்சு வந்தால் மேடையிலும் வகுப்பறையிலும் இந்த உதாரணத்தைச் சொல்லி விஷயத்தை முடித்துவிடுவார்கள். ஆனால் இது ஓர் எல்லைக்கு மேல் செல்லாது. கத்தி என்ன செய்யும் என்று அதை அடிக்கிற கொல்லனுக்கு முன்பே தெரியும். அது ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் குத்தும். கையை விட்டுவிட்டால் தரையில் கிடக்கும். நோய்க்கிருமியை வைத்துச் செய்யும் ஆய்வில் இந்த மூன்றுமே இல்லை. என்ன கிடைக்கப் போகிறது என்று செய்பவருக்கே முழுதாகத் தெரியாது, அது பரவும், கைவிட்டாலும் அடங்காது.

ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே சில ஆண்டுகளில் எலிகள் பெருகித் தானிய வயல்களை அழித்துவிடும். எலியைக் கொல்வதைவிடக் குட்டி போடாமல் தடுப்பது மேல் என்று நினைத்த கான்பெரா நகர விஞ்ஞானிகள், எலியம்மை வைரஸில் ஒரு கூடுதல் மரபணுவைச் சேர்த்தார்கள். எலியின் நோய் எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டிவிடுவதற்கான மரபணு அது. நடந்தது வேறு. அந்த வைரஸ் எதிர்ப்புச் சக்தியை முடக்கிப்போட்டது. இயல்பாகவே எலியம்மையைத் தாங்கக்கூடிய எலிகள் செத்தன. தடுப்பூசி போடப்பட்ட எலிகளிலும் பல செத்தன. இந்த முடிவை 2001-ல் வெளியிட்டார்கள். எலியம்மை மனிதர்களைத் தொற்றாது. ஆனால் மனிதகுலத்தை நூற்றாண்டுகளாக வாட்டிய பெரியம்மை அதே குடும்பத்து வைரஸ். ஆகவே எலித்தொல்லைக்கு மருந்து தேடப் போனவர்கள், தடுப்பூசியை மீறும் வழியையும் சேர்த்தே உலகத்துக்குச் சொல்லிவிட்டார்கள் என்ற அச்சம் எழுந்தது. அவர்கள் நோக்கத்தில் எந்தக் களங்கமும் இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இத்தகைய ஆய்வுகளை 'இரட்டைப் பயன்பாடு' உள்ளவை என்கிறார்கள். நல்ல நோக்கத்தோடு செய்த வேலையின் விளைவை வேறொருவர் தீமைக்கு எடுத்துக்கொள்ள முடியும் என்பது இதன் பொருள். 2004-ல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் இதற்காகவே ஓர் அறிக்கை வெளியிட்டது. ஏழு வகைச் சோதனைகளை அது தனியே குறித்தது. தடுப்பூசியைப் பயனற்றதாக்குவது, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியை உருவாக்குவது, கிருமியின் கொடுமையைக் கூட்டுவது, எளிதில் தொற்றும்படி செய்வது, தொற்றாத உயிரினத்துக்கும் தொற்றச் செய்வது, பரிசோதனையில் பிடிபடாதபடி மாற்றுவது, ஆயுதமாக்க உதவுவது. இவற்றில் எதைத் தொட்டாலும் ஒருமுறை நின்று யோசித்துவிட்டுத் தொடருங்கள் என்பதே அதன் சாரம்.

நின்று யோசித்தார்களா?

ராட்டர்டாமில் நடந்தது

2011 செப்டம்பர். மால்டா தீவில் இன்ஃப்ளுயன்சா விஞ்ஞானிகளின் மாநாடு. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரிலுள்ள எராஸ்மஸ் மருத்துவ மையத்தைச் சேர்ந்த ரான் ஃபூஷியே, தம் ஆய்வின் முடிவை அங்கே அறிவித்தார். எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ், பாலூட்டிகளிடையே காற்று வழியாகப் பரவும்படி மாறிவிட்டது. அந்த மாற்றத்தைத் தம் ஆய்வுக்கூடத்திலேயே நிகழ்த்திக் காட்டியிருக்கிறோம் என்பதே செய்தி.

இது ஏன் பெரிய செய்தி? எச்5என்1 கோழிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொல்லும். மனிதர்களுக்கு அபூர்வமாகவே தொற்றும். பெரும்பாலும் நோயுற்ற கோழியைக் கையாண்டவர்களுக்கு. ஆனால் தொற்றிவிட்டால், உலக சுகாதார நிறுவனத்தின் பதிவில் உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்திருந்தார்கள். உலகம் தப்பித்திருந்ததற்கு ஒரே காரணம், அது மனிதரிடமிருந்து மனிதருக்கு எளிதில் பரவவில்லை என்பதுதான்.

ஃபூஷியேயின் குழு முதலில் வைரஸின் மரபணுவில் மூன்று இடங்களில் மாற்றம் செய்தது. பிறகு அதை ஃபெரட் என்ற, கீரியைப் போன்ற தோற்றமுள்ள சிறு விலங்கின் மூக்கில் செலுத்தியது. மனிதருக்கு ஃப்ளூ வருவது போலவே இந்த விலங்குக்கும் வரும். மனிதரைப் போலவே தும்மவும் செய்யும். நோயுற்ற ஃபெரட்டின் மூக்கிலிருந்து எடுத்ததை அடுத்த ஃபெரட்டுக்குக் கொடுத்தார்கள். அதிலிருந்து அடுத்ததற்கு. இப்படிப் பத்து முறை. கடைசியில் யாரும் செலுத்தாமலேயே, பக்கத்துக் கூண்டிலிருந்த ஃபெரட்டுகளுக்கும் நோய் வந்தது. வைரஸ் காற்றில் போயிருக்கிறது. அதற்குத் தேவைப்பட்ட மாற்றங்கள் ஐந்து அளவுக்குச் சொற்பமே. ஒரு நியாயமும் சொல்லியாக வேண்டும்: காற்றின் வழியாகத் தொற்று பெற்ற ஃபெரட்டுகள் சாகவில்லை. முதலில் வந்த பரபரப்புச் செய்திகள் பலவும் இதைச் சொல்லாமல் விட்டுவிட்டன.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் யோஷிஹிரோ கவாஓகா என்பவரின் குழுவும் வேறொரு முறையில் இதே போன்ற முடிவை எட்டியிருந்தது. இரண்டு ஆய்வுகளுக்கும் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் பணம் கொடுத்திருந்தது.

இவர்கள் ஏன் இதைச் செய்தார்கள்? வைரஸ் இயற்கையிலேயே இப்படி மாறுமா மாறாதா என்று முன்கூட்டித் தெரிந்தால், கோழிப் பண்ணைகளில் எடுக்கும் மாதிரிகளில் அந்த மாற்றங்களைத் தேடலாம், தடுப்பூசிக்கு ஆயத்தமாகலாம். இந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ள முடியாது. 2018-ல் கோழிக்கோடு, மலப்புரம் பகுதிகளில் நிபா வந்தபோது, மணிப்பாலிலும் புனே தேசிய வைராலஜி நிறுவனத்திலும் இருந்தவர்கள் என்ன நோய் என்று விரைவாகச் சொன்னதால்தான் தொற்று ஒரு வட்டத்துக்குள் கட்டுப்பட்டது. கொடிய கிருமிகளைக் கையாளப் பழகியவர்கள் நாட்டில் இல்லையென்றால் அது நடந்திருக்காது. ஆபத்தான கிருமியைத் தொடவே கூடாது என்று சொல்வது எளிது. நோய் வாசலுக்கு வந்த பிறகு அப்படிச் சொல்ல முடியாது.

சரி, மேற்பார்வை என்ன ஆனது? ஆய்வுக்கூடம் பத்திரமாக இருக்கிறதா, காற்று வெளியே போகாதா, பணியாளர்கள் கவசம் அணிகிறார்களா என்ற கேள்விகளுக்கெல்லாம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தார்கள். இந்தச் சோதனையைச் செய்யத்தான் வேண்டுமா, இதன் முடிவு தவறானவர் கைக்குப் போனால் என்ன ஆகும் என்ற கேள்விகள் அமெரிக்காவின் உயிரியல் பாதுகாப்புக்கான ஆலோசனைக் குழுவின் முன் வந்தபோது, கட்டுரை எழுதி முடித்து இதழ்களுக்கு அனுப்பியாகிவிட்டது. 2011 டிசம்பரில் அந்தக் குழு, முடிவுகளைப் பொதுவாக வெளியிடலாம், செய்முறை விவரங்களை மட்டும் நீக்கிவிடுங்கள் என்றது. உலகமே இரண்டுபட்டது. 2012 ஜனவரியில் 39 விஞ்ஞானிகள் இத்தகைய ஆய்வுகளை 60 நாட்களுக்குத் தாங்களாகவே நிறுத்துவதாகக் கையெழுத்திட்டார்கள். அந்த அறுபது நாள் ஓராண்டாக நீண்டது. மார்ச்சில் அதே ஆலோசனைக் குழு, திருத்தப்பட்ட கட்டுரைகளைப் பார்த்துவிட்டு மனம் மாறியது. கவாஓகாவின் கட்டுரைக்கு ஒருமித்த ஒப்புதல். ஃபூஷியேயின் கட்டுரைக்கு 12 பேர் ஆதரவு, 6 பேர் எதிர்ப்பு. இரண்டும் 2012-லேயே முழுமையாக வெளிவந்தன.

நெதர்லாந்து அரசு வேறு வழியில் வந்தது. ஆபத்தான பொருளை நாடு கடத்துவதற்கு ஏற்றுமதி உரிமம் வேண்டும். இந்தக் கட்டுரையும் அப்படித்தான் என்றது. ஒரு கட்டுரையை அமெரிக்க இதழுக்கு அனுப்புவது ஏற்றுமதியா? ஃபூஷியே ஆட்சேபத்தோடு உரிமம் கேட்டு வாங்கினார். பிறகு வழக்குத் தொடுத்தார். 2013-ல் கீழ் நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு அறிவியல் கட்டுரை சுங்கச் சாவடியில் நிற்கும் சரக்கைப் போல நின்ற காட்சி அது. வீடு கட்டி முடித்துக் குடியேறும் நாளில் வரைபட அனுமதி கேட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

இந்தோனேசியாவின் பங்கு

இந்த விவகாரத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ராட்டர்டாமோடும் வாஷிங்டனோடும் நிறுத்திவிடுவார்கள். ஃபூஷியே பயன்படுத்திய வைரஸ் எங்கிருந்து வந்தது? 2005-ல் இந்தோனேசியாவில் ஒரு நோயாளியிடமிருந்து எடுக்கப்பட்டது அது. ஃபூஷியே தம் முடிவை அறிவித்தபோது எச்5என்1-க்கு அதிக மனித உயிர்களைப் பறிகொடுத்திருந்த நாடும் இந்தோனேசியாதான். வீட்டுக் கொல்லையில் நாலு கோழி வளர்க்கிற குடும்பங்கள் கோடிக்கணக்கில் உள்ள நாடு.

2007-ல் அந்த நாட்டின் சுகாதார அமைச்சர் சித்தி ஃபாதிலா சுபாரி ஒரு துணிச்சலான முடிவெடுத்தார். இனி வைரஸ் மாதிரிகளை உலக சுகாதார நிறுவனத்தின் வலைப்பின்னலுக்கு அனுப்பப் போவதில்லை என்றார். எங்கள் நோயாளிகளிடமிருந்து எடுத்த வைரஸை வைத்துப் பணக்கார நாடுகளில் தடுப்பூசி தயாரிக்கிறீர்கள். அதை வாங்கும் சக்தி எங்களுக்கு இல்லை என்பது அவருடைய வாதம். பலர் அவரைக் கடுமையாகக் கண்டித்தார்கள். மாதிரியை மறைத்தால் உலகத்துக்கே ஆபத்து என்றார்கள். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் அவர் கேட்ட கேள்விதான், மாதிரி கொடுக்கும் நாடுகளுக்கும் பலனில் பங்கு உண்டு என்ற உடன்பாட்டுக்கு வழிவகுத்தது. 2011 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை அதை ஏற்றது.

அந்த மை காயும் முன்பே ஃபெரட் விவகாரம் வெடித்தது. செய்முறை விவரங்களை நீக்கிவிட்டு வெளியிட்டால், எந்த மாற்றங்களைத் தேட வேண்டும் என்பது கோழிகளைக் கண்காணிக்கும் நாடுகளுக்கே தெரியாமல் போகும். மாதிரி கொடுத்தவருக்கு முடிவு இல்லை என்றாகிவிடும். 2012 பிப்ரவரியில் ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய கூட்டத்தில் இந்தோனேசியாவும் வியட்நாமும் உட்கார்ந்திருந்தன. முழுமையாக வெளியிடுவதே மேல் என்று அந்தக் கூட்டம் முடிவு செய்ததற்கு இதுவும் ஒரு காரணம். அந்த அறையில் இருந்த 22 பேரில் பெரும்பாலானோர் ஃப்ளூ ஆய்வோடு ஏதோ ஒரு வகையில் தொடர்புள்ளவர்கள் என்ற குறையும் அப்போதே சொல்லப்பட்டது. நியாயமான குறைதான். வழக்கில் சம்பந்தப்பட்டவர்களே பஞ்சாயத்தில் உட்கார்ந்தால் தீர்ப்பு சரியாகவே இருந்தாலும் ஊர் அதை நம்பாது.

தீவிரவாதியை விடத் திறந்திருக்கும் கதவு

'தவறான பயன்பாடு' என்றதும் நம் மனம் தீவிரவாதிகளைத்தான் நினைக்கிறது. 1995-ல் டோக்கியோ சுரங்க ரயிலில் ஓம் ஷின்ரிக்யோ என்ற கூட்டம் சாரின் விஷத்தை வெளியிட்டது உண்மை. ஆனால் ஆய்வுக்கூடங்களின் வரலாற்றில் அதிகம் காணக் கிடைப்பது கவனக்குறைவு.

இயற்கையாகப் பெரியம்மை கண்ட கடைசி மனிதர் சோமாலியாவின் மெர்கா ஊரைச் சேர்ந்த மருத்துவமனைச் சமையல்காரர் அலி மாவ் மாலின். அது 1977 அக்டோபர். அவர் பிழைத்தார், பிற்காலத்தில் போலியோ ஒழிப்புக்காக வீடு வீடாகப் போனார். ஆனால் பெரியம்மையால் இறந்த கடைசி நபர் சோமாலியாவில் இல்லை. அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் மருத்துவக் கல்லூரியில், பெரியம்மை ஆய்வுக்கூடத்துக்கு மேல் மாடியில் வேலை பார்த்த ஒரு பெண் புகைப்படக் கலைஞர் அந்நோயால் இறந்தார். அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். கிருமி எப்படி மேலே போனது என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை.

2014-ல் அமெரிக்காவில் வாஷிங்டன் அருகே ஒரு அரசு வளாகத்தின் குளிர் அறையில், பல பத்தாண்டுகளாக யாரும் தேடாத பெட்டிக்குள் பெரியம்மைக் குப்பிகள் ஆறு கிடைத்தன. அதே கோடையில், உலகிலேயே கட்டுப்பாடு மிக்கதாகக் கருதப்படும் அட்லாண்டா நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில், முழுமையாகச் சாகாத ஆந்த்ராக்ஸ் கிருமியைச் செத்ததாக நினைத்துப் பணியாளர்கள் கையாண்டிருந்தது தெரியவந்தது. அக்டோபரில் அமெரிக்க அரசு, ஃப்ளூ, சார்ஸ், மெர்ஸ் வைரஸ்களுக்குப் புதிய திறன் ஊட்டும் ஆய்வுகளுக்குப் பணம் தருவதை நிறுத்திவைத்தது. 2017 டிசம்பரில் புதிய விதிகளோடு தடை நீங்கியது. 2025 மே மாதம் அதிபரின் ஆணை ஒன்று மறுபடியும் நிறுத்தியது. ஆட்சி மாறினால் விதி மாறும் நிலைதான் இன்னும். கொரோனா எங்கிருந்து வந்தது என்ற சர்ச்சையை இங்கே நான் இழுக்கவில்லை. அது தீராத வழக்கு, வாட்ஸ்அப்பில் மட்டுமே தீர்ந்திருக்கிறது.

கிருமி மட்டும்தான் ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் மருந்து கண்டுபிடிக்கும் ஒரு சிறு நிறுவனம், நச்சுத்தன்மையைத் தவிர்க்கும்படி பழக்கிய தன் கணினி நிரலை, நச்சுத்தன்மையைத் தேடும்படி மாற்றிப் பார்த்தது. ஆறு மணி நேரத்துக்குள் 40,000 மூலக்கூறுகளின் வடிவத்தை அது எழுதித் தந்தது. விஎக்ஸ் என்ற கொடிய நரம்பு விஷமும் அவற்றில் இருந்தது. எதையும் அவர்கள் தயாரிக்கவில்லை. தாங்களே அதிர்ந்துபோய் எச்சரிக்கைக்காக 2022-ல் வெளியிட்டார்கள்.

திராட்சையும் கிணறும்

ஃபிக்ஹு படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதாக இருக்காது. தன்னளவில் ஆகுமான ஒரு செயல் தீமைக்கு வழியாகிவிடுமானால் அந்த வழியை அடைக்க வேண்டுமா என்ற விவாதத்தை 'சத்துத் தராயிஃ' என்ற தலைப்பில் நம் அறிஞர்கள் செய்திருக்கிறார்கள். ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மாலிகி மத்ஹப் அறிஞர் இமாம் கராஃபி இதை மூன்றாகப் பிரிக்கிறார். மக்கள் நடக்கும் பாதையில் கிணறு தோண்டுவதைத் தடுக்க வேண்டும் என்பதில் எல்லோரும் ஒருமித்திருக்கிறார்கள். யாராவது மது காய்ச்சக்கூடும் என்பதற்காகத் திராட்சை பயிரிடுவதைத் தடுக்கக் கூடாது என்பதிலும் ஒருமித்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ளவற்றில்தான் கருத்து வேறுபாடு.

கிணறு தோண்டுவதில் தவறில்லை. பாதையில் தோண்டுவதுதான் பிரச்சினை. ஆகவே கேள்வி செயலைப் பற்றியது மட்டுமல்ல. இடம், தீமை நிகழும் வாய்ப்பு எவ்வளவு, யார் அந்த வழியாக நடக்கிறார்கள் என்பவற்றையும் பற்றியது. நோய்க்கிருமியைப் படிப்பது திராட்சைத் தோட்டம். காற்றில் பரவாததைக் காற்றில் பரவச் செய்வது தோட்டமா, பாதையிலிருக்கும் கிணறா? என் அபிப்பிராயத்தில் அது கிணற்றுக்கே நெருக்கமானது. அவசியம் என்றால் தோண்டலாம். ஆனால் தோண்டுபவரே தனக்கு அனுமதி கொடுத்துக்கொள்ள முடியாது. தோண்டும் முன் சுற்றுச்சுவர் இருக்க வேண்டும். அந்தப் பாதையில் நடப்பவர்களுக்கு, அதாவது இந்தோனேசியாவின் கோழி வளர்க்கும் குடும்பத்துக்கும், ஏதோ ஒரு வகையில் சொல் இருக்க வேண்டும்.

விஞ்ஞானிகள் இதை அறியாதவர்கள் அல்லர். மரபணுக்களை வெட்டி ஒட்டும் நுட்பம் புதிதாக வந்தபோது, அதைக் கண்டுபிடித்த வட்டத்தினரே முதலில் சில சோதனைகளை நிறுத்திவைத்து, 1975-ல் கலிஃபோர்னியாவின் அசிலோமார் என்ற இடத்தில் கூடி எல்லைகளை வகுத்தார்கள். எவரும் கட்டாயப்படுத்தவில்லை. முதலில் நிறுத்து, பிறகு பேசு, அதன்பின் செய் என்ற வரிசை அங்கே சரியாக இருந்தது. 2011-ல் அந்த வரிசை தலைகீழாகிவிட்டது.

நம் பிள்ளைகள் சேரும் ஆய்வுக்கூடம்

பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி படிக்கிற பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், இன்று நம் குடும்பங்களில் நிறையவே இருக்கிறார்கள். கல்லூரியில் சேர்க்கும்போது கட்டணம், விடுதி, பஸ் வசதி எல்லாம் விசாரிக்கிறோம். ஆய்வுக்கூடத்தைப் பற்றி எதுவும் கேட்பதில்லை.

இந்தியாவில் இதற்குச் சட்டம் உண்டு. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989-ல் வந்த விதிகளின்படி, மரபணு மாற்ற ஆய்வு நடக்கும் ஒவ்வொரு நிறுவனத்திலும் உயிரியல் பாதுகாப்புக் குழு ஒன்று இருக்க வேண்டும். அதில் ஒரு மருத்துவரும், மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை நியமிக்கும் ஒருவரும் இடம்பெற வேண்டும். அதற்கு மேல் மத்திய அளவில் மறுஆய்வுக் குழுவும், சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மரபணு மதிப்பீட்டுக் குழுவும் இருக்கின்றன. உயிரியல் ஆயுத உடன்படிக்கையை 1974-லேயே இந்தியா ஏற்றுக்கொண்டது. பேரழிவு ஆயுதங்களுக்கு எதிராக 2005-ல் தனிச் சட்டமும் வந்தது. விதிகள் காகிதத்தில் கனமாகவே இருக்கின்றன. ஆனால் 1989 விதிகளின் கவலை பெரும்பாலும் கசிவைப் பற்றியது. சுற்றுச்சூழலுக்கும் உடல்நலத்துக்கும் கேடு வராமல் காப்பதே அவற்றின் நோக்கம். ஆய்வின் முடிவை வேறொருவர் எப்படிப் பயன்படுத்துவார் என்ற கேள்வியை, குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் தாங்களாகத்தான் எழுப்பியாக வேண்டும்.

பெற்றோர் விஞ்ஞானியாக வேண்டியதில்லை. முதுகலைத் திட்டப்பணிக்கோ முனைவர் பட்டத்துக்கோ சேரும் மகளிடம் நாலு விஷயம் கேட்கச் சொல்லலாம். இந்த வேலைக்குப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் எண் இருக்கிறதா? அது ஆய்வைத் தொடங்கும் முன் வாங்கியதா, கட்டுரை அனுப்பும்போது வாங்கப் போவதா? கிருமியின் பிடி மருந்துக்கோ தடுப்பூசிக்கோ மீறும்படி ஏதாவது செய்கிறோமா? விபத்து நடந்தால், மனதுக்குச் சரியில்லை என்று தோன்றினால், வழிகாட்டிப் பேராசிரியரைத் தவிர வேறு யாரிடம் சொல்லலாம்? நல்ல பேராசிரியர்கள் இந்தக் கேள்விகளைக் கேட்டால் சந்தோஷப்படுவார்கள். எரிச்சல்படுகிறவர் இருந்தால், கையெழுத்துப் போடும் முன்பே அது தெரிந்துவிடும்.